மைதானத்தில் விமானம் இறக்கப் போனோம்

“பிளேன் எறக்கப் போறோம்” என்று தோட்டத்து மைதானத்தில் நின்று உரக்கச் சொன்னது நான். அப்படிச் சொன்னவன் சீலன்தான் என்று பொலிஸில் சொன்னதும் நான். இந்த இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வழக்கப்படி தேயிலை, மழை, பழைய துரைமார் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைத்தது ஒரு விளையாட்டுச் சாமான். தலவாக்கலையில், ரயில் பாதைக்கு மேலே இருக்கும் என் சின்ன வீட்டுக்குக் கொழும்பிலிருந்து மருமகன் வந்திருந்தார். தன் பழைய மடிக்கணினியையும், விமானம் ஓட்டுவதற்கென்று செய்த ஒரு கைப்பிடியையும் மேசையில் வைத்துப் பூட்டினார். “மாமா சும்மாதானே இருக்கீங்க. பிளேன் ஓட்டிப் பாருங்க” என்றார். திரையில் விமானம் ஓட்டும் விளையாட்டு அது. விளையாட்டு என்று சொன்னால் அதில் ஊறியவர்களுக்குக் கோபம் வரும், சிமுலேட்டர் என்பார்கள். இருந்த விமானங்களின் வரிசையில் எனக்குத் தெரிந்த ஒன்றைத் தேடி எடுத்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானம். ஓர் இருக்கை, நீண்ட மூக்கு, வாலுக்கடியில் ஒரு குட்டிச் சக்கரம். மேலே கொண்டுபோய், வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். இன்னும் குறைத்தேன். அப்போது பிடி என் உள்ளங்கையில் நடுங்கியது.

“பயப்படாதீங்க மாமா, இப்ப வர்ற பிடியெல்லாம் அப்படித்தான். விழப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்லுது.”

எனக்கு அந்த நடுக்கம் தெரியும். அதை முதன்முதலில் எனக்குக் கொடுத்தது இயந்திரம் அல்ல. நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். விமானம் இடதுபக்கமாகக் கவிழ்ந்து விழுந்தது. மருமகன் சிரித்தார். நானும் சிரித்ததாக நினைவு.

போர் விமானத்தை வேகமாக ஓட்டுவது பெரிய காரியமில்லை. அது வேகத்துக்கென்றே பிறந்தது. மெதுவாக ஓட்டும்போதுதான் அதன் சுபாவம் தெரியும். சொன்னவுடன் கேட்ட விமானம், வேகம் குறையக் குறையக் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கும். பிறகு கேட்காது. மூக்கு மேலே தூக்கிக்கொள்வதால் முன்னால் எதுவும் தெரியாது. ஒரு கட்டத்தில் ஒரு பக்கத்து இறக்கை காற்றைக் கைவிட்டுவிடும். அந்தப் பக்கமாகவே கவிழும். தரை மேலே எழுந்து வருவதைப் பார்த்ததும் மனிதக் கை செய்ய விரும்புவது ஒன்றுதான்: பிடியைத் தன் பக்கம் இழுப்பது. இழுத்தால் முடிந்தது. செய்ய வேண்டியது, எந்தத் தரைக்குப் பயப்படுகிறோமோ அந்தத் தரையை நோக்கியே மூக்கைத் தாழ்த்துவது. கவிழ்வதைக் காலால் மிதித்து நிறுத்துவது. படிக்கும்போது இது புரியும். கைக்குப் புரியாது.

இந்தப் பைத்தியம் எனக்குச் சிறுவயதிலேயே பிடித்தது. அப்பா ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர். சனிக்கிழமைகளில் துரையின் பங்களாவுக்குக் காகிதங்களைக் கொண்டுபோவார். நான் பின்னால் ஒட்டிக்கொண்டு போவேன். அந்த வெள்ளைக்காரத் துரை போரில் விமானம் ஓட்டியவர். பங்களாச் சுவரில் பழைய விமானத்து மர விசிறி ஒன்றின் பெரிய இதழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் மணிக்கூடு பதித்திருப்பார். மெழுகு பூசிய அந்த மரத்தின் வாசனை இப்போதும் எனக்கு வரும். அவர் ஒருமுறை அப்பாவிடம், சண்டையில் செத்த கூட்டாளிகளைவிட ஊர் திரும்பி இறங்கும்போது செத்த கூட்டாளிகள்தான் தன் கனவில் வருகிறார்கள் என்றார். அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் விமானி ஆகவில்லை. தேயிலைத் தூள் செய்வதைக் கவனிக்கும் டீமேக்கர் ஆனேன். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் — தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள் — பாதி ஆயுளைக் கழித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மேல்மாடியில் வாடப் போட்ட கொழுந்தை ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து, விடுவேன். உருண்டை எப்படி விரிகிறது என்பதை வைத்தே அரைக்க அனுப்பலாமா, இன்னும் வாட வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். என் கைக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. கொழும்பில் புறக்கோட்டை நடைபாதையில் அந்தச் சிமுலேட்டர் சீடியை வாங்கியபோதும் அந்தக் கர்வம் கூடவே இருந்தது.

சீடியை எங்கே போட்டுப் பார்ப்பது? ஸ்டோரில் இருந்த ஒரே கொம்பியூட்டர் தோட்ட மேனேஜரான துரையின் கண் முன்னால் இருந்தது. அப்படித்தான் சீலனின் கடைக்குப் போனேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்த பாக்கியத்தின் ஒரே மகன் அவன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் படித்து, தலவாக்கலை டவுனில் ஒரு கொமியுனிகேஷன் வைத்திருந்தான். வெளிநாட்டுக்கு போன் பேசலாம், போட்டோகொப்பி எடுக்கலாம், விண்ணப்பம் டைப் அடிக்கலாம். பின்னறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் கடையை அரைக்கதவாகச் சாத்திவிட்டு இருவரும் அங்கே உட்காருவோம். லைட் பில் கட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். ஒரு வீட்டுக்கு எத்தனை தரம்தான் லைட் பில் கட்டுவார்கள் என்று என் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை.

என் கையைப் பற்றி நான் பெருமையடித்தது எல்லாம் அந்தப் பின்னறையில் சிரிப்பாய்ச் சிரித்தது. கொழுந்தில் தெரியும் கைக்குப் பிளாஸ்டிக் பிடியில் ஒன்றும் தெரியவில்லை. இறங்க வரும்போதெல்லாம் மூக்கைத் தூக்குவேன், இழுப்பேன், விழுவேன்.

“ஐயா, இன்னைக்கும் ஒரு பிளேன் நட்டம். தொரைகிட்ட சொல்லி ஒங்க சம்பளத்துல வெட்டச் சொல்லணும்.”

“எனக்கு எப்ப விழப் போகுதுன்னு தெரிய மாட்டேங்குது சீலா. கையில ஒண்ணும் வரலையே.”

“கையில வரணுமா? சரி, வாங்க.”

அடுத்த தரம் நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தபோது, அவன் வேகமுள்ளைப் பார்த்தபடியே தன் உள்ளங்கையால் மேசையின் விளிம்பைப் பிடித்து லேசாக ஆட்ட ஆரம்பித்தான். மேசை நடுங்கியது. பிடி நடுங்கியது. “நடுங்குது ஐயா, நடுங்குது, இழுக்காதீங்க” என்றான். நான் மூக்கைத் தாழ்த்தினேன். அவன் ஆட்டுவதை நிறுத்தினான். விமானம் பறந்துகொண்டே இருந்தது. அன்று முதன்முறையாக நான் விழாமல் இறங்கினேன். இருவருமாக எழுந்து எதிர்க்கடையில் பால் விடாத பிளேன்டீயும் வடையும் சாப்பிட்டோம். அதன்பிறகு ஞாயிறுதோறும் நான் ஓட்டும்போது அவன் மேசையை ஆட்டுவான். அவன் ஓட்டும்போது நான் ஆட்ட வேண்டும். எனக்கு அதுவும் நேரத்துக்கு வராது. “ஐயா, விழுந்த பெறகு ஆட்டுறீங்க” என்பான்.

காலுக்கும் மிதிகள் வேண்டுமே. அதற்கு வழி செய்தவனும் நான்தான். ஸ்டோருக்குப் பின்னால் பழைய தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. நல்ல பலகையாகப் பார்த்து எடுத்து, ஸ்பிரிங் இரண்டும் தேய்ந்த பெல்ட் துண்டு ஒன்றும் சேர்த்து, பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீலன் அவற்றை ஒரு வாரத்தில் மிதிகளாக்கிவிட்டான். பலகையில் எங்கள் தோட்டத்தின் பெயர் கறுப்பு மையில் அடித்திருந்தது. அதை மேல்பக்கமாகவே வைத்துப் பூட்டியிருந்தான். “தோட்டத்துப் பிளேனுங்க” என்றான்.

இனி மைதானத்துக்கு வருகிறேன். ஸ்டோருக்குக் கீழே, ஒரு பக்கம் யூக்கலிப்டஸ் மரங்களும் மறுகோடியில் மழைத்தண்ணீர் ஓடும் பெரிய வாய்க்காலான கானும் உள்ள சின்ன மைதானம். சிமுலேட்டரில் நாமே புல்தரை ஓடுபாதை ஒன்றை அமைத்துக்கொள்ள வசதி இருந்தது. நம் மைதானத்தில் இந்த விமானத்தை இறக்க முடியுமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். கானுக்கு முன்னால் நின்றுவிடும் என்பது என் கட்சி. நிற்காது, விழுகிற விளிம்பிலேயே தொங்கிக்கொண்டு வந்தாலொழிய நிற்காது என்பது அவன் கட்சி. அளந்து பார்த்துவிடுவோம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கிரிக்கெட் முடிந்து இளவட்டங்கள் கலைந்துகொண்டிருக்க, டீமேக்கரும் கொமியுனிகேஷன் கடைக்காரனும் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் காலடி வைத்து அளந்தோம். மரத்தின் உயரத்தைக் கையை நீட்டிப் பார்த்தோம். கானருகே நின்று சண்டை போட்டோம்.

விறகுக் கட்டோடு வந்த ராசம்மா நின்று பார்த்தாள். பாக்கியத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி; வாயடங்காதவள்.

“என்னங்க ஐயா, கிரவுண்ட அளந்து விக்கப் போறீங்களா?”

“இல்ல ராசம்மா. பிளேன் எறக்கப் போறோம்.”

“பிளேனா, பிளேன்டீயா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க.”

அங்கே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீலன் மட்டும் கொஞ்சம் நெளிந்தான். “ஐயா, சத்தமா சொல்லாதீங்க” என்று காதோரமாகச் சொன்னான்.

அவன் சொன்னது சரி. வடக்கில் யுத்தம் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பு வானத்தில் இயக்கத்தின் சின்ன விமானங்கள் வந்து குண்டு போட்டுப்போனதாக எங்கும் பேச்சு. ரயிலில் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருப்போம். கொழும்பில் வேலை பார்த்த என் மகள், தங்கியிருந்த அறையைப் பொலிஸில் பதிந்து வைத்திருந்தாள். அப்படிப்பட்ட நாளில் இரண்டு தமிழர்கள் பட்டப்பகலில் மைதானத்தை அளந்து, விமானம் இறக்கப் போவதாக ஊருக்கே அறிவிக்கிறார்கள். ஒரு விளையாட்டில் மூழ்கிப்போனவர்களால் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். அதில் மூத்த முட்டாள் நான்.

வார்த்தை நடந்து போனது. எந்த வழியாகப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. சில வாரங்களில் சீலனின் கடையைச் சோதனை போட்டார்கள். பின்னறையில் கொம்பியூட்டர், போர் விமானச் சீடி, கைப்பிடி, தோட்டத்துப் பெயர் பொறித்த மிதிகள். அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். பலகையில் எங்கள் தோட்டத்தின் பெயர் இருந்ததால் மறுநாள் என்னையும் வரச் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து எனக்கு உட்காரக் கதிரை காட்டினார். டீமேக்கர் மாத்தயா என்று சிங்கள மரியாதையோடுதான் கூப்பிட்டார். சீலன் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் மேல்பொத்தான் இல்லை. என்னைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் எழுதத்தான் வேண்டும். இனி எல்லாம் சரியாகிவிடும் என்ற முகம் அது.

“ஐயா, வெளையாட்டுக்கு வச்சிருந்ததுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

அவன் தமிழில் கேட்டான். நான் அவனைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினேன். என் சிங்களம் நன்றாக இருக்கும். அன்று இன்னும் நன்றாக வந்தது. பலகையைப் பற்றிக் கேட்டார். ஸ்டோருக்குப் பின்னால் பழைய பெட்டிகள் திறந்த வெளியில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்றேன். கடைக்கு எதற்குப் போவேன் என்று கேட்டார். கடிதம் டைப் அடிக்க என்றேன். மைதானத்தில் விமானம் இறக்கப் போவதாகச் சொன்னது யார் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து, தாளைப் புரட்டினார். எனக்கு அது போதுமான நேரம்.

“அவன்” என்றேன்.

மகளை நினைத்தேன், ஓய்வு பெற இருந்த கொஞ்ச காலத்தை நினைத்தேன், குவார்ட்டர்ஸை நினைத்தேன் என்றெல்லாம் எழுதலாம். நினைத்தது உண்மைதான். ஆனால் அந்த நொடியில் நான் செய்தது, தரை எழுந்து வரும்போது கை செய்வதைத்தான். இழுத்தேன். சீலனுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். இன்ஸ்பெக்டர் கதவுவரை வந்து என்னை வழியனுப்பினார்.

அந்த வாரமே பாக்கியம் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கொழுந்து பறித்த மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. வாசற்படியில் ஏறாமல் கீழேயே நின்றாள்.

“ஐயா படிச்சவங்க. ஐயா கூடத்தானே இருந்தான் புள்ள. நாலு வார்த்த எழுதிக் குடுத்தீங்கன்னா விட்டுருவாங்கன்னு சொல்றாங்க.”

துரையிடம் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. அவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல தேயிலைத் தூளில் கொஞ்சம் எடுத்து, தடித்த காகிதத்தில் மடித்து, ஸ்டோர்ச் சணல்நூலால் கட்டிக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கொடுத்துவிட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சீலனை எங்கெங்கோ வைத்திருந்து, ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு, வழக்கு ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அதற்குள் கடை போய்விட்டது. தோட்டத்தில் அவன் பெயர் ‘பிளேன்காரன்’ ஆகிவிட்டது. கேலியாகச் சொன்னவர்களும் உண்டு, பயந்து சொன்னவர்களும் உண்டு. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தாயும் மகனும் தோட்டத்தை விட்டுப் போனார்கள். பாக்கியம் இறந்த செய்தி பிறகு வந்தது. நான் ஓய்வு பெற்றபோது எனக்கு மாலை போட்டார்கள். ராசம்மாவும் வரிசையில் வந்து கும்பிட்டாள். அதன்பின் பல வருடம் நான் எந்த விமானத்தையும் ஓட்டவில்லை. சீலனை மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். அவன் நினைவு வரும் வழிகளில் போகாமல் இருந்தேன். கொமியுனிகேஷன் இருந்த தெருவைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவேன். என் மனைவி அதையும் கேட்கவில்லை.

மருமகன் கொண்டுவந்த பிடி நடுங்கிய பிறகுதான் இனி சுற்றிப் போக முடியாது என்று தெரிந்தது.

முதலில் அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். கட்டடத்துக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். இளம் அதிகாரி ஒருவர் எழுந்து கதிரை காட்டினார், அதே மரியாதை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அந்தக் காலத்துப் பதிவு எதுவும் இங்கே இல்லை, அந்த ஆள் விடுதலையாகிவிட்டார் அல்லவா, இந்த வயதில் எதற்கு மனதைப் போட்டு உழற்றுகிறீர்கள், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார். என்னைத் திட்டியிருந்தால் அங்கேயே ஒரு கடன் கழிந்ததாக நினைத்துத் திரும்பியிருப்பேன். அவர் கதவுவரை வந்து வழியனுப்பினார்.

பிறகு பஸ் ஏறி, நுவரெலியாவில் மாறி, ராகலைக்குப் போனேன். மரக்கறி லொறிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சீலன் போன் திருத்தும் கடை வைத்திருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். அவனுக்கு முன்பக்கம் தலை வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். அந்தப் பழக்கம் போகவில்லை. தேநீர் வரவழைத்தான். அவன் தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தான். வலது கை தனியாக நிற்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. “அன்னைக்கு அவன்னு சொன்னது தப்பு சீலா. நான் சொன்னத ஒன் தலையில போட்டுட்டேன்” என்று மட்டும் வந்தது.

அவன் பிரித்து வைத்திருந்த ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அத என்கிட்ட சொல்ல ராகலைக்கு வந்தீங்களா? நான்தான் பெஞ்சில ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேனே.”

“என்ன செய்யணும்னு சொல்லு. செய்றேன்.”

“பெரட்டுல சொல்லுங்க. எங்க அம்மா கொழுந்து பறிச்ச தோட்டத்துல, எல்லாரும் நிக்கும்போது சொல்லுங்க. கிரவுண்டுல சிரிச்சவங்க இன்னும் இருக்காங்கதானே.”

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்கள் எல்லோரும் களத்தில் கூடி நிற்பது. அங்கே பெயர் கூப்பிடுவார்கள், எந்த மலை என்று பிரித்து விடுவார்கள், திட்டுவதும் அங்கேதான். டீமேக்கர் அங்கே நிற்பதில்லை; அவருடைய இடம் ஸ்டோர். என் வேலைக் காலம் முழுவதும் நான் பெரட்டுக்களத்தில் நின்றதே இல்லை.

மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கரிடம் அனுமதி கேட்டு, ஒரு காலையில் போய் நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. முன்பிருந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. இளைய பெண்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். தலையில் துணியும் முதுகில் கூடையுமாக நின்ற பெண்களின் முன்னால், குளிருக்கு மப்ளர் கட்டிய ஒரு கிழவன். மைதானத்தில் சொன்னது நான், சீலன் இல்லை, பலகை கொடுத்ததும் சீடி வாங்கியதும் நான், பொலிஸில் பொய் சொன்னேன் என்றேன். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

யாரும் அதிரவில்லை. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இளைய பெண்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. பென்ஷன் எடுத்த பிறகும் நாள்கூலியாகக் கைகாசுக்கு வந்துகொண்டிருந்த ராசம்மா கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்தாள்.

“தெரியுமுங்க ஐயா.”

“என்ன தெரியும்?”

“கேட்டது நானு. பதில் சொன்னது நீங்க. அந்தப் பய வாயே தொறக்கல. தெரியாம இருக்குமா?”

“அப்ப ஏன் ராசம்மா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டு? பொலிசுக்குப் போயி நீங்கதான்னு நாங்க சொல்லியிருக்கணும். நாங்களும் சொல்லலையே. எனக்கும் ரெண்டு பயலுக இருந்தானுங்க.” கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். “பாக்கியம் மட்டும்தான் உங்கள நம்பிக்கிட்டு இருந்துச்சு. அதுகிட்ட சொல்ல எங்களுக்கு மனசு வரல.”

கங்காணி நேரமாகிறது என்றார். அவர்கள் மலைக்குப் போனார்கள். அந்த வருடங்களில் எனக்கு வைத்த கும்பிடுகள், ஸ்டோர் வாசலில் கேட்ட “வணக்கமுங்க ஐயா”க்கள், ஓய்வு நாளின் மாலை எல்லாவற்றையும் நான் அந்தக் களத்தில் நின்றபடியே மறுபடி ஒருமுறை வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் மைதானத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மைதானம் இல்லை. புது வீடுகள் கட்டி, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்திருக்கிறார்கள். போஞ்சிக் கொடிகளுக்குப் பின்னால் கான் மட்டும் இருந்தது.

நான் பேசியது யார் சொல்லி அவனுக்குத் தெரிந்ததோ, சில வாரம் கழித்து ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையில், சீலன் என் வீட்டுக்கு வந்தான். கடை பூட்டு என்றான். மேசையில் இருந்த பிடியைப் பார்த்தான். “அதே பிளேனா?” என்று கேட்டான். அதே விமானம்தான் என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன். பெரட்டைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் தொடங்கவில்லை.

மேலே ஏறி, ஒரு வட்டம் போட்டு, வேகத்தைக் குறைத்தான். பிடி நடுங்கத் தொடங்கியது. சூட்டில் பட்டதுபோல் கையை எடுத்துவிட்டான். விமானம் தன்பாட்டில் விழுந்தது.

“இத நிப்பாட்டலாமாங்க?”

எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவனே தேடி, நடுக்கத்தை அணைத்தான். பிறகு ஒரு குட்டையான புல்தரை ஓடுபாதையை அமைத்தான். அளவை என்னிடம் கேட்கவில்லை. அவனுக்கு நினைவிருந்தது. வலது கையின் மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தான். முன்னால் எதுவும் தெரியாதபடி மூக்கு தூக்கியிருக்க, பக்கவாட்டில் வளைந்து, விழுகிற விளிம்பிலேயே தொங்கிக்கொண்டு வந்து, வால் சக்கரம் முதலில் புல்லைத் தொட இறக்கினான். ஓடுபாதை முடியுமுன் விமானம் நின்றது.

“நின்னுருச்சு சீலா” என்றேன்.

“நிக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. நிக்காதுன்னு நான் சொன்னேன்.” திரையைப் பார்த்தபடியே சொன்னான். “நீங்க சொன்னதுதான் சரிங்க.”

எழுந்து, தோளில் போட்டிருந்த பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான். “நான் வர்றவரைக்கும் பிரிக்காம வச்சிருந்த அம்மா, நடந்தது தெரிஞ்சதும் ஒங்ககிட்ட திருப்பிக் குடுக்கச் சொன்னுச்சு. நான்தான் கொண்டாராம வச்சிருந்தேன்” என்றான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “போறேங்க” என்றான். போயிட்டு வாறேன் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். அவனும் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் சொல்வான். படியிறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு அவன் வரவில்லை. நடுக்கம் அணைத்தபடியேதான் இருக்கிறது.

தடித்த காகிதம் பழுப்பேறியிருந்தது. சணல்நூல் கறுத்திருந்தது. முடிச்சு என்னுடையது, ஒருநாளும் அவிழ்க்கப்படவில்லை. அவிழ்த்துத் தூளை உள்ளங்கையில் கொட்டி மூக்கருகே கொண்டுபோனேன். எந்தத் தூளையும் வாசனையை வைத்தே எந்த மாதத்துக் கொழுந்து என்று சொன்ன மூக்கு இது. ஒன்றும் வரவில்லை. கொட்டிவிடலாம் என்றாள் மனைவி. நான் தண்ணீர் கொதிக்க வைத்து ஒரு கோப்பை ஊற்றினேன். நிறம் மட்டும் இறங்கியது. சீனி போடாமல் குடித்து முடித்தேன்.